சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) பீங்கானில் இட்ரியாவை (இட்ரியம் ஆக்சைடு) கூட்டினால் அதன் ஆக்சிஜன் அயனிக் கடத்துதிறன் கூடிக்கொண்டே போகுமா?

போகாது. சுமார் 8 மோல் சதவீதம் வரை கூடும், அதற்கு மேல் குறையும். இரண்டு சிர்கோனியம் அயனிகளின் இடத்தில் இரண்டு இட்ரியம் அமர்ந்தால் ஓர் ஆக்சிஜன் இடம் காலியாகும். அந்தக் காலியிடங்கள் வழியாகத்தான் ஆக்சிஜன் அயனி தாவித் தாவி நகர்கிறது. இட்ரியம் அதிகமானால் காலியிடங்கள் இட்ரியத்தோடும் ஒன்றோடொன்றும் பிணைந்து நகர முடியாமல் நின்றுவிடும்.

பலர் கவனிக்கத் தவறுவது மணி எல்லைகளைத்தான், அதாவது பீங்கானில் உள்ள நுண்படிக மணிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களை. மூலப்பொடியில் சிறிதளவு சிலிக்கா மாசு இருந்தாலே போதும். பொடியைச் சூட்டிணைக்கும்போது (சூடாக்கி இறுகச் செய்யும்போது) அது எல்லைகளில் மெல்லிய கண்ணாடிப் படலமாகப் பரவி அயனியை மறிக்கும். கொஞ்சம் அலுமினா சேர்த்தால், அது சிலிக்காவை இழுத்து ஓரமாகத் திரட்டி வழிவிடும். அளவு மிஞ்சினால் அலுமினாவே தடையாகும், அது அயனியைக் கடத்தாது. மின்மறிப்பு நிறமாலை (பல அதிர்வெண்களில் மின்மறிப்பை அளந்து வரையும் வரைபடம்) எடுத்துப் பாருங்கள்: மணியின் உட்பகுதிக்கு ஒரு வில், எல்லைக்கு ஒரு வில் என்று தனித்தனியாகத் தெரியும்.