செபமாலைக்குள் தியானம்: மறைக்கல்வி டீச்சரிடம் சில கேள்விகள்

அக்டோபர் செபமாலை மாதம். புதுச்சேரியிலும் கடலூரிலும் அன்பியக் கூட்டங்களுக்கு, அதாவது பங்கிலுள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டங்களுக்கு, போகும்போதெல்லாம், செபம் முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில்தான் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். வாசற்படியில் நின்று அவசரமாகச் சொன்ன பதில்களை நிதானமாக எழுதுகிறேன்.

டீச்சர், தினமும் 53 மணியும் உருட்டுகிறேன். வாய் அருள் நிறைந்த மரியே சொல்கிறது, மனம் நாளைக்கு மாவு அரைக்க வேண்டுமே என்கிறது. இந்தச் செபத்தால் பயன் உண்டா? (முத்தியால்பேட்டை, இல்லத்தரசி)

உண்டு அம்மா. களைத்துப்போன உடம்போடு மாதாவின் முன் வந்து உட்காருகிறீர்களே, அதுவே பெரிய காணிக்கை. ஆனால் அந்தச் செபத்துக்குள் இன்னும் நிறைய இருக்கிறது. அதை நீங்கள் இழக்கக் கூடாது என்பதுதான் என் ஆசை. தியானம் இல்லாத செபமாலை ஆன்மா இல்லாத உடல் போன்றது என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் எழுதினார்.

ஒரு மாதத்துக்கு இப்படிச் செய்து பாருங்கள். செபமாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து பகுதிகள் உண்டல்லவா, அவற்றில் நான்கை வழக்கம்போல் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மெதுவாக. ஒவ்வொரு பத்திலும் நாம் தியானிக்கும் இயேசு, மரியாவின் வாழ்க்கை நிகழ்வுதான் மறையுண்மை. செவ்வாய்க்கிழமை என்றால் துயர மறையுண்மை, முதலாவது கெத்சமனி, இயேசு கைதாவதற்குமுன் செபித்த தோட்டம். லூக்கா 22ஆம் அதிகாரத்தில் அந்த நான்கைந்து வசனங்களை வாசியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ஒலிவ மரங்களின் அடியில் இயேசு முழங்காலில் இருக்கிறார், சீடர்கள் தூங்குகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே மணியைத் தொடுங்கள். இயேசுவின் பெயர் வரும் இடத்தில் ஒரு சொற்றொடர் சேர்த்துக்கொள்ளலாம்: "உம்முடைய திருவயிற்றின் கனியாகிய, எங்களுக்காக இரத்த வியர்வை சிந்திய இயேசுவும் ஆசி பெற்றவரே." சில நாடுகளில் இது பழைய வழக்கம். செபமாலையில் ஒளியின் மறையுண்மைகளைப் புதிதாகச் சேர்த்த 2002ஆம் ஆண்டு மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் இதைப் பாராட்டியிருக்கிறார்.

நடுவில் மாவு ஞாபகம் வரும். வந்தால் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். ஓடிப்போகும் குழந்தையைத் திரும்பத் தூக்கி மடியில் வைப்பதுபோல் மனதை அங்கே கொண்டுவந்து வையுங்கள். அரைமணி நேரமும் இதையே செய்ய நேர்ந்தாலும் அந்த நேரம் வீண் இல்லை என்பதுதான் புனித பிரான்சிஸ் சலேசியார் காட்டிய வழி.

விவிலியம் வாசித்தால் கதையாகத்தான் போகிறது டீச்சர். தியானிப்பது எப்படி? (கடலூர் முதுநகர், இளைஞர்)

வாசி, அசைபோடு, பேசு, சும்மா இரு. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கிகோ என்ற துறவி வகுத்துத் தந்த நான்கு படிகளை நான் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லித் தருவேன். தம்பி, நீங்கள் துறைமுகத்துக்காரர். யோவான் 21 உங்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கும்.

உயிர்த்த இயேசு சீடர்களைக் கடற்கரையில் சந்திக்கும் பகுதி அது. இரவு முழுக்க வலை போட்டும் சீடர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. விடியற்காலையில் கரையில் கரி நெருப்பு, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். அந்த வாசனை உங்களுக்குத் தெரியும், எந்த விளக்கவுரையும் வேண்டாம். அந்தக் கரி நெருப்பிலேயே நில்லுங்கள். யோவான் நற்செய்தியில் கரி நெருப்பு இரண்டே இடங்களில் வருகிறது. இன்னொன்று 18ஆம் அதிகாரத்தில், தலைமைக் குருவின் முற்றத்தில். நீயும் இயேசுவின் சீடன்தானே என்று கேட்டவர்களிடம், அங்கே குளிர்காய்ந்துகொண்டுதான் பேதுரு "நான் அல்ல" என்று மறுதலித்தார். இப்போது அதே வாசனையில் உட்காரவைத்து, முதலில் சாப்பாடு போடுகிறார் ஆண்டவர். பிறகுதான், "என்மீது அன்பு செலுத்துகிறாயா?" என்று மும்முறை கேட்கிறார். இதை முதன்முதலாகக் கவனித்த நாளில் என்னால் மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை.

அந்த இடத்தில் பேதுருவை நகர்த்திவிட்டு நீங்கள் உட்காருங்கள். பதில் சொல்லுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் நெருப்பருகே சும்மா இருங்கள்.

தியானம் வேறு மதத்தவருடையது, நமக்கு ஆகாது என்கிறார்களே? (புதுச்சேரி, கல்லூரி மாணவி)

நம் திருச்சபையின் மறைக்கல்வி நூலே தியானத்தைச் செபத்தின் ஒரு வகையாகக் கற்பிக்கிறது. அமைதியாக உட்காருவதும் மூச்சைச் சீராக்குவதும் உதவலாம் என்று 1989இல் வத்திக்கானிலிருந்து வந்த மடலும் ஒத்துக்கொள்கிறது. அதோடு நின்றுவிடாதே என்பதுதான் எச்சரிக்கை. எதிரில் ஒருவர் இருக்கிறார், அவரோடு பேசத்தான் உட்காருகிறோம்.

சிப்காட்டில் ஷிப்ட் வேலை. நேரமே இல்லை. (தவளக்குப்பம்)

வீடு திரும்பும் பஸ் போதும் ஐயா. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, புனித இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்மச் சோதனையைச் செய்யுங்கள். நன்றி சொல்லுங்கள், ஒளி கேளுங்கள். வேலைக்குள் நுழைந்ததிலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாகப் பாருங்கள், யாரிடம் எரிந்து விழுந்தோம், யார் டீ வாங்கிக் கொடுத்தார் என்பது வரைக்கும். பிழைக்கு மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

கணவர் இறந்து இரண்டு வருடம். செபிக்க உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லை. கடவுள் என்னை விட்டுவிட்டாரா? (மஞ்சக்குப்பம்)

இல்லை அம்மா. செப வாழ்வுக்குப் பேர்போன புனித அவிலா தெரசாவுக்கே 18 ஆண்டுகள், நற்கருணை வாங்கிய நேரம் தவிர, கையில் புத்தகம் இல்லாமல் செபிக்க உட்காரத் துணிவில்லை. அவ்வளவு வறட்சி. திருப்பாடல் 88ஐ எடுத்துப் பாருங்கள். ஆறுதல் ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அதுவும் விவிலியத்தில்தான் இருக்கிறது. உங்களுக்கு வார்த்தை வராத நாளில் அதை வாய்விட்டு வாசியுங்கள், அதுவே உங்கள் செபம்.

என் அம்மா இறந்த வருடம் நான் இருதய ஆண்டவர் பசிலிக்காவில் கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன். எதிரே ரயில் நிலையத்தில் வண்டி கூவும். ஒரு செபமும் சொல்லமாட்டேன். கையில் அம்மாவின் செபமாலை, தேய்ந்த மணிகள். பத்து நிமிடம் கழித்து எழுந்து வருவேன், மறுநாளும் போவேன். அப்படிச் சில மாதங்கள் போயின.

நீங்களும் ஒரு இடம், ஒரு நேரம் வைத்துக்கொண்டு போய் உட்காருங்கள். தனியாக முடியாவிட்டால் சொல்லுங்கள், வியாழக்கிழமை ஆராதனைக்கு நான் வந்து பக்கத்தில் இருக்கிறேன்.