கடல்நீர்த் தொட்டியில் பிரிட்டில் ஸ்டார் வளர்க்கலாமா? மீன்களைத் தின்றுவிடுமா?

நட்சத்திர மீனுக்கு உறவான, ஐந்து மெல்லிய நீண்ட கைகள் கொண்ட இந்தப் பிராணியைத் தாராளமாக வளர்க்கலாம். ஆனால் கடைக்காரர் உங்களுக்குக் காட்டியதாகச் சொல்லும் அந்தப் பச்சை நிறத்தது வேண்டாம். நாலடித் தொட்டியில் இரண்டு கிளவுன் மீன், ஒரு கோபி மீன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றுமே அதற்கு இரை.

"மிச்சம் மீதித் தீனியைத் தின்னு தொட்டியைச் சுத்தமா வச்சுக்கும்" என்று சொல்லித்தான் எனக்கும் அதைக் கொடுத்தார்கள். அதன் பெயர் ஓஃபியராக்னா இன்க்ராசாட்டா. கை விரித்தால் ஓரடிக்கு மேல் போகும். முதல் மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு பார்த்தேன். ஐந்து கைகளின் நுனியை மட்டும் மணலில் ஊன்றி, நடு உடலை உயரத் தூக்கிப் பந்தல் போட்டதுபோல அசையாமல் நின்றது. தூங்க இடம் தேடி வந்த சின்ன கிளவுன், குகை என்று நினைத்து அடியில் நுழைந்தது. சட்டென்று கைகள் கயிறு முறுக்கியதுபோல் முறுக்கிக்கொண்டு கீழே இறங்கின. அன்றைக்கு மீன் எப்படியோ நழுவிவிட்டது. அடுத்த வாரம் காலையில் அதைக் காணவில்லை. நட்சத்திரத்தின் நடு உடல் மட்டும் உப்பியிருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது.

சரி, எதை வாங்குவது? கையில் முள் துருத்தித் தெரியாமல் பாம்பு உடம்புபோல் வழவழப்பாக இருப்பவற்றை சர்ப்பென்ட் ஸ்டார் என்பார்கள். கரீபியக் கடலிலிருந்து வரும் ஓஃபியோடெர்மா வகைகள் சாதுவானவை. முள்ளுள்ள கறுப்பு, பழுப்பு ஓஃபியோகோமாக்களும் பொதுவாகப் பிரச்சினை செய்வதில்லை. இவை நம் மன்னார் வளைகுடாப் பாறைகளிலும் உண்டு. ஆனால் அங்கே போய்ப் பொறுக்கி வரும் எண்ணம் வேண்டாம். 21 தீவுகளைச் சுற்றிய அந்தப் பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா.

வீட்டுக்குக் கொண்டு வரும் நாள்தான் ஆபத்தான நாள். உடலுக்குள் உப்பைக் கூட்டிக் குறைக்கும் வசதி இவற்றுக்குக் கிடையாது. வெளியே உள்ள நீர் எப்படியோ உள்ளேயும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதனால் ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை நட்சத்திரம் இருக்கும் பைக்குள் சொட்டுச் சொட்டாக இரண்டு மூன்று மணி நேரமாவது விடுங்கள். தொட்டி நீரின் ஒப்படர்த்தி 1.025 பக்கம் நிலையாக இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் நீர் ஆவியாகி உப்பு ஏறிக்கொண்டே போகும், தினமும் ஆர்.ஓ. நீர் ஊற்றி ஈடு செய்யுங்கள். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் விடவே கூடாது, நட்சத்திரம் செத்துவிடும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள்.

கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். பயந்தால் தானே கையைக் கழற்றி விட்டுவிடும். மூட்டைச் சேர்த்துப் பிடித்திருக்கும் தசைநாரை அது நினைத்தால் இளக்கிவிட முடியும். நடு உடல் நன்றாக இருந்தால் கை திரும்ப முளைக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். என்னிடம் இருக்கும் பழுப்பு சர்ப்பென்ட்டுக்கு ஒரு கை பாதியிலிருந்து மெலிந்து, வெளிறித் தெரியும். பாறையை நகர்த்தும்போது நான் கவனிக்காமல் நசுக்கிய கை அது.

அப்புறம் தீனி. மிச்சத்தைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால் மெல்ல மெல்லப் பட்டினியில் போய்விடும். பலர் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. நடு உடல் உள்வாங்கிச் சுருங்கினால் பசி என்று அர்த்தம். நான் வாரத்துக்கு மூன்று நாள், விளக்கு அணைத்த பிறகு, சுண்டு விரல் நகம் அளவு இறால் துண்டை இடுக்கியில் பிடித்துப் பாறை இடுக்கின் பக்கத்தில் வைப்பேன். வாசனை பட்டதும் ஒரு கை நீளும், துழாவும். நுனி பட்டதும் பாகற்கொடியின் சுருள்போல் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே இழுத்துவிடும். வாய் அடிப்பக்கத்தில், ஐந்து தாடையோடு இருக்கிறது. மலத்துவாரம் கிடையாது, சக்கையும் அதே வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

பாறையோடு நகம் அளவுக்குக் குட்டிக் குட்டி நட்சத்திரங்கள் வந்து, இடுக்கிலிருந்து மெல்லிய கையை நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தால் பிடித்து வெளியே போடாதீர்கள். அவை பெரிய வகையின் குஞ்சுகள் இல்லை, அந்த அளவோடு நின்றுவிடும் வேறு இனங்கள். மீனையோ பவளத்தையோ ஒன்றும் செய்யாது, தானாகவே பெருகும். பம்ப் வாயில் மட்டும் ஒரு ஸ்பாஞ்சு செருகிவிடுங்கள், உள்ளே போய் அரைபட்டுவிடும்.

பச்சையை வாங்க ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், அதே கடையில் சர்ப்பென்ட்டாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.