கியூப் 17 காட்டினால் என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் ஒரு தனியார் கட்டுமான நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகத் தளப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். கீழே வாகன நிறுத்தமும் மேலே ஐந்து மாடிகளும் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். முதல் மாடியின் பன்னிரண்டு தூண்களுக்கு எம்25 கான்கிரீட், அதாவது 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அமுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட், போட்டிருக்க வேண்டும். அதே கலவையில் வார்த்த கனசதுரக் கட்டிகளை நசுக்கிப் பார்க்கும் 28 நாள் கியூப் சோதனையில் 16.5, 17, 17.5 என்று வந்திருக்கிறது. அந்தத் தூண்களின் மேல் ஒரு ஸ்லாப் போட்டாகிவிட்டது. அடுத்த ஸ்லாபுக்குக் கம்பி கட்டுகிறோம். திட்ட மேலாளர் எங்கள் ஊர்க்காரர், நான் அண்ணா என்று அழைப்பவர், படித்து முடித்து ஓராண்டு சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர். "சிமென்டைக் கூட்டி ஆறு கியூப் போடு, ஏழு நாளில் 25-ஐத் தாண்டிவிடும், தேதியை மாற்றி எழுதி லேபுக்கு அனுப்பிவிடலாம். சேஃப்டி ஃபேக்டர் இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்றார். நானும் போட்டுவிட்டேன். கியூப்கள் தொட்டியில் கிடக்கின்றன. பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவன் நான். மறுத்தால் வேலை போய்விடும். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். நான் போடாவிட்டாலும் வேறு யாராவது போடத்தான் போகிறார்கள். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் "அடுத்த ஸ்லாபுக்குக் கம்பி கட்டுகிறோம்" என்ற வரியைப் படித்ததும், இதழ் அச்சாகும் வரை காத்திருக்க முடியாது என்று தோன்றியதால், இந்தப் பதிலின் சுருக்கத்தை அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது அதன் விரிவு; இதே இடத்தில் நிற்கும் மற்ற பொறியாளர்களும் படிக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன். கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடக் கூடாது. ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: அந்த ஸ்லாப் கான்கிரீட்டை நிறுத்த வேண்டும்.

ஏன் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். முதல் மாடித் தூண்கள் கடைசியில் சுமக்க வேண்டியவை மொட்டை மாடியையும் சேர்த்து ஐந்து ஸ்லாப்கள். அவற்றோடு சுவர்கள், தண்ணீர்த் தொட்டி, குடிவருபவர்களின் பண்ட பாத்திரங்கள். இன்றைக்கு அவற்றின் தலையில் இருப்பது ஒரே ஒரு ஸ்லாப். ஆகவே உடனே இடிந்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். ஒரு தூண் 20 சதுர மீட்டர் பரப்பைத் தாங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு மாடி ஏறும்போதும் ஏறத்தாழ 20 டன் கூடும். பழுது பார்ப்பதற்கு இன்றுபோல் வசதியான நாள் இனி வராது. தூண்கள் வெறுமையாக நிற்கின்றன, சுவர் எழவில்லை, பூச்சு இல்லை, யாரும் குடிவரவில்லை. இரண்டு மாதம் கழித்து இதே தூணைத் தொட வேண்டுமென்றால் நான்கு மாடிக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும்.

17 என்ற எண் ஒரு கட்டடத்தின் சாவுச் சீட்டு ஆகிவிடாது. மூன்று கியூப்களும் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகவில்லை என்பதால் சோதனையே செல்லாது என்று ஒதுக்கிவிட முடியாது; எம்25-க்கு இந்த முடிவு எந்த அளவுகோலாலும் தேறாது. ஆனாலும் மூன்று கியூப்களுக்கும் பொதுவான குறை ஒன்று இருந்திருக்கலாம். அச்சில் மூன்று அடுக்காக இட்டு முறையாகக் குத்தினார்களா, மறுநாள் கழற்றித் தொட்டியில் போட்டார்களா அல்லது இரண்டு நாள் வெயிலில் காயவிட்டார்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். குறை கியூபில் இல்லாமல் கான்கிரீட்டிலேயே இருந்தால், பெரும்பாலும் லாரி தாமதமாகி இறுகிப்போன கலவையில் மேஸ்திரி தண்ணீரைக் கூட்டியிருப்பார். அன்றைய பதிவேட்டை எடுத்துப் பாருங்கள், லாரி வந்த நேரமும் கொட்டிய நேரமும் அதில் இருக்க வேண்டும்.

இந்த நிலைமைக்கு வழி தெரியாமல் நம் விதிநூல் முழிக்கவில்லை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456:2000, கியூப் தேறாத கான்கிரீட்டை என்ன செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறது. முதலில் கான்கிரீட்டை உடைக்காமலே பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர், அல்ட்ராசோனிக் சோதனை இரண்டையும் வைத்துப் பன்னிரண்டு தூண்களில் எவை மோசம் என்று ஒரு கண்ணோட்டம் எடுக்கலாம். பிறகு சந்தேகமான இடங்களில், கம்பி எங்கே ஓடுகிறது என்று கருவி வைத்துப் பார்த்து, கம்பியில் படாமல் குறைந்தது மூன்று கோர், அதாவது துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டுகள், எடுக்க வேண்டும். கோர்களின் வலிமையைக் கியூப் வலிமைக்குச் சமமாக மாற்றிக் கணக்கிட்டு, அது வேண்டிய வலிமையில் சராசரியாக 85 விழுக்காட்டையும், தனித்தனியே 75 விழுக்காட்டையும் எட்டினால் அந்தக் கான்கிரீட்டை ஏற்கலாம். எம்25-க்கு அது முறையே 21.25, 18.75. எட்டாவிட்டால், கிடைத்த உண்மையான வலிமையை வைத்துக் கட்டமைப்புப் பொறியாளர் தூண்களை மறுபடி கணக்கிடுவார். சில தூண்கள் இருக்கிற கம்பியோடு தேறிவிடலாம். தேறாதவற்றைச் சுற்றிப் புதிய கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போடலாம். தூண் கொஞ்சம் பருக்கும், வாகன நிறுத்தத்தில் இல்லாமல் முதல் மாடி வீட்டுக்குள் பருக்கும் என்பதால் விற்பனைப் பிரிவு முணுமுணுக்கும். அவ்வளவுதான்.

பொய்க் கியூபின் கேடு இங்கேதான் இருக்கிறது. அது பதிவேட்டில் ஏறியதும் மேலே சொன்ன வழி முழுவதும் அடைபடுகிறது. கோயம்புத்தூரிலோ வேறெங்கோ உட்கார்ந்திருக்கும் வடிவமைப்பாளர் தன் தாளில் 25 என்று வைத்து நிம்மதியாக இருப்பார். பத்தாண்டு கழித்து யாராவது மேலே ஒரு மாடி எழுப்பலாமா என்று கேட்டு வரும்போது, இன்னொரு பொறியாளர் உங்கள் பதிவேட்டை நம்பிக் கணக்குப் போடுவார்.

"சேஃப்டி ஃபேக்டர் இருக்கிறது" என்ற பேச்சை என் நாற்பதாண்டு வேலையில் எத்தனை தளங்களில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. இருக்கிறது, உண்மை. கான்கிரீட்டுக்கு நாம் எடுக்கும் பகுதிக் காப்பெண், அதாவது கணக்கிடும்போது அதன் வலிமையை வகுத்துக் குறைத்துக்கொள்ளும் எண், 1.5. 25-ஐ 1.5-ஆல் வகுத்துப் பாருங்கள்: 16.7. உங்கள் கியூப் 17 காட்டுகிறது. அதாவது கான்கிரீட்டுக்கென்று வைத்த காப்பு கிட்டத்தட்ட முழுவதும் செலவாகிவிட்டது. அந்தக் காப்பு வைத்ததே, கியூபில் இருக்கும் கான்கிரீட்டைவிடத் தூணுக்குள் இருக்கும் கான்கிரீட் எப்போதும் சற்று மோசமாக இருக்கும், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் எட்டாத மூலை இருக்கும், ஈரச் சாக்கு இரண்டு நாள் காய்ந்து கிடந்திருக்கும் என்பதற்காக. சுமைக்கான காப்பும் கம்பியின் பங்கும் இன்னும் மிச்சம் இருப்பதால்தான் இன்று அது நிற்கிறது.

"மேலே சுமை ஏற்றாதே" என்பதை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு ஒரு பழைய விபத்து காரணம். கனடாவில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் குறுக்கே கியூபெக் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் நடு இடைவெளியை 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டிய பிறகு, பாலத்தின் சொந்த எடையைத் திருத்திக் கணக்கிடாமலே வேலை ஓடியது. தலைமை ஆலோசகர் தியோடர் கூப்பர் புகழ்பெற்ற பொறியாளர். உடல்நலம் குன்றி நியூயார்க்கிலேயே இருந்துகொண்டு வேலையை மேற்பார்த்தார். களத்தில் அவருக்குக் கண்ணாக இருந்தவர் நார்மன் மெக்லூர் என்ற இளம் பொறியாளர். 1907 ஆகஸ்ட் கடைசியில், அமுக்கத்தைத் தாங்கும் அடி உறுப்பு ஒன்றின் வளைவு சில நாட்களில் முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டேகால் அங்குலத்துக்குக் கூடியிருப்பதை அவர் அளந்து கண்டார். மேலே கொண்டுவரும்போதே அது வளைந்துதான் இருந்தது என்று கட்டுமான நிறுவனத்தார் சாதித்தார்கள். மெக்லூர் ரயிலேறி நியூயார்க்குக்குப் போய் ஆகஸ்ட் 29 அன்று கூப்பரை நேரில் பார்த்தார். நிலைமையை உணர்ந்த கூப்பர், பாலத்தின் மேல் மேற்கொண்டு சுமை ஏற்ற வேண்டாம் என்று தந்தி கொடுத்தார். ஆனால் அந்தத் தந்தி பென்சில்வேனியாவில் இருந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனது. பாலத்துக்கு நேராகப் போகவில்லை. அலுவலகத்தில் இருந்தவர்கள் மறுநாள் காலை கூடிப் பேசலாம் என்று முடிவு செய்தார்கள். அன்று மாலை ஐந்தரை மணி வாக்கில் பாலம் ஆற்றில் விழுந்தது. மேலே இருந்த 86 பேரில் 75 பேர் இறந்தார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் காஹ்னவாகே என்ற ஒரே ஊரிலிருந்து வந்த மோஹாக் பழங்குடித் தொழிலாளர்கள்.

மெக்லூர் நேர்மையானவர். மறைக்கவில்லை, அளந்தார், மேலிடத்துக்குச் சொன்னார். விசாரணை ஆணையமும் முதன்மைப் பழியைக் கூப்பர் மீதும் வடிவமைத்த பொறியாளர் மீதும்தான் வைத்தது. இருந்தும், அவர் ரயிலில் போய் வந்துகொண்டிருந்த நேரத்தில் பாலத்தின் மேல் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பது என்னைப் பல இரவுகள் தூங்கவிடாத விஷயம். அதனால்தான் உங்களிடம், மேலாளரோடு பேச்சுவார்த்தை நடக்கட்டும், அதுவரை கம்பி கட்டும் வேலை வேண்டுமானால் ஓடட்டும், கான்கிரீட் லாரிக்கு மட்டும் சொல்லாதீர்கள் என்கிறேன்.

நீங்கள் போடாவிட்டால் வேறொருவர் கையெழுத்துப் போடுவார் என்கிறீர்கள். போடலாம். ஆனால் 17 என்ற முடிவு இருப்பதைத் தெரிந்தவர்கள் இன்று எத்தனை பேர்? நீங்கள், மேலாளர், லேபில் ஒருவர். வடிவமைப்பாளருக்குத் தெரிந்துவிட்டால், வேறு யார் கையெழுத்துப் போட்டாலும் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டடக் கலைஞர்களுக்கு 1972-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்ட நம் நாட்டில், பொறியாளர்களுக்கு அதுபோன்ற மத்தியச் சட்டம் இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் பதிவு பெற்ற பொறியாளர்களுக்குப் பொறுப்புகளை வகுத்திருக்கின்றன. நீங்கள் பதிவு பெறாத தளப் பொறியாளராக இருப்பதால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. தெரிந்தே தேதி மாற்றிய பதிவேட்டை வைத்துக்கொண்டு "அண்ணன் சொன்னார்" என்பது பெரிதாக உதவாது.

2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்ததை நீங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ இருந்தபோது தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்த கட்டடத் தொழிலாளர்கள், பலர் ஆந்திரத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வீடு வாங்கியவர்களைப் பற்றித்தான் நாம் அறநெறிப் பாடங்களில் பேசுகிறோம். முதலில் கட்டடத்துக்குள் இருப்பவர்கள் உங்கள் சித்தாள்களும் கம்பி கட்டுபவர்களும்தான்.

இனி உங்கள் அண்ணன். அவரைக் கெட்டவர் என்று நான் முடிவு கட்டவில்லை. முதலாளிக்கு வேலை தாமதம் என்று சொல்லப் பயந்து, கைக்கு எட்டிய வழியைப் பிடித்திருக்கிறார். அவரிடம் தனியாக, மற்றவர் இல்லாத நேரத்தில் போங்கள். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று தொடங்கினால் அவர் மானத்தைக் காக்கத்தான் பார்ப்பார். "அண்ணா, கோர் எடுத்துப் பார்ப்போம், ஒருவேளை தேறிவிடும், தேறாவிட்டாலும் இன்று உறை போட்டால் குறைந்த செலவில் முடியும், நான் வடிவமைப்பாளரிடம் பேசுகிறேன்" என்று வழியோடு போங்கள். நியூயார்க்கில் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தை வடிவமைத்த வில்லியம் லெமெசூரியர், கட்டடத்தின் மூலையை நோக்கி வீசும் காற்றில் அதன் இணைப்புகள் போதாது என்று 1978-இல், மக்கள் அங்கே வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தபோதே கண்டறிந்து, தானே உரிமையாளரிடம் சொன்னார்; 200-க்கும் மேற்பட்ட இணைப்புகளின் மேல் எஃகுத் தகடுகளை இரவுகளில் பற்றவைத்துச் சரிசெய்தார்கள். அவருடைய பெயர் கெடவில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்களுக்கு 1995 வரை ஒன்றும் தெரியாது என்பதால், கல்லூரிகளில் இதை முழு வீரக் கதையாகச் சொல்லும்போது எனக்கு ஒப்புவதில்லை.

அவர் மறுத்தால், அன்றே மின்னஞ்சலில் அவருக்கு எழுதுங்கள், வடிவமைப்பாளருக்கும் நகல் போகட்டும். உணர்ச்சி வார்த்தை ஒன்றும் வேண்டாம்: எந்தத் தூண்கள், வார்த்த தேதி, சோதித்த தேதி, மூன்று எண்கள், கோர் முடிவு வரும்வரை மேல் ஸ்லாப் போட வேண்டாம் என்ற பரிந்துரை. வடிவமைப்பாளர் தன் பெயர் மாட்டும் என்பதாலாவது மறுநாள் தளத்துக்கு வருவார். வேலை போகாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, போகக்கூடும். மூன்று ஆண்டு அனுபவம் உள்ள, கியூப் பதிவேட்டை ஒழுங்காக வைக்கத் தெரிந்த தளப் பொறியாளருக்குத் திருப்பூரிலும் கோவையிலும் வேலை கிடைக்கும், தை மாதத்துக்குள் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கல்யாணச் செலவுக்கு மாற்று வழியை வீட்டில் இப்போதே பேசிவையுங்கள்.

கடைசியாக, தொட்டியில் கிடக்கும் அந்த ஆறு கியூப்கள். அவற்றை நீங்கள்தான் போட்டீர்கள், அதை உங்கள் அண்ணன் மீது தள்ளிவிட முடியாது. உடைத்துக் குப்பையில் கொட்டாதீர்கள், லேபுக்கும் அனுப்பாதீர்கள். வெளியே எடுத்து, உண்மையில் வார்த்த தேதியையும் "தூண் கான்கிரீட் அல்ல" என்பதையும் பெயின்டில் எழுதி, பதிவேட்டிலும் ஒரு வரி எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.