பையனைப் பழக்க வேண்டியது ரயிலில் இல்லை, சாப்பாட்டு மேசையில்

தம்பி, மார்ச் கடைசியில் குடும்பத்தோடு டோக்கியோ வருகிறீர்கள், பையன் ஏப்ரலில் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேரப்போகிறான் என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. “ஜப்பான் பிள்ளைகள் ரயிலில்கூட சத்தம் போடுவதில்லையாமே, இவன் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான், எப்படிப் பழக்குவது? நம் பழக்கவழக்கம் எல்லாம் மறந்துவிடுவானோ?” இதுதானே கேள்வி?

ரயிலுக்காக இப்போதே அவனை மிரட்ட வேண்டாம். சுற்றி எல்லோரும் அமைதியாக இருந்தால் அவன் குரலும் தானாகவே இறங்கும். இங்கே அந்த ஒழுங்கு உபதேசத்தில் வருவதில்லை. பள்ளிக்கூடம் தினமும் செய்ய வைக்கிற வேலையில் வருகிறது.

மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். அந்த வாரம் முறை வந்த பிள்ளைகள் வெள்ளை அங்கி, தொப்பி, மாஸ்க் போட்டுக்கொண்டு பாத்திரங்களை வகுப்புக்குத் தூக்கி வருவார்கள். மிசோ சூப்பைக் கரண்டியால் ஊற்றுவதும் அவர்கள்தான். கடைசிப் பிள்ளைக்கும் வர வேண்டும் என்று அளந்து ஊற்றும்போது அந்த முகத்தில் இருக்கும் கவலையைப் பார்க்க வேண்டுமே! எல்லோருக்கும் பரிமாறிய பிறகு ஒன்றாக “இதாதாகிமாஸ்” என்று, சாப்பாட்டுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை அந்த அங்கி வீட்டுக்கு வரும். துவைத்து, இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை கொடுத்தனுப்ப வேண்டும். நாம் மறந்தால் அடுத்த முறைக்காரப் பிள்ளைக்கு அங்கி இருக்காது. பாடம் பிள்ளைக்கு மட்டும் இல்லை, நமக்கும்தான்.

வகுப்பறை, தாழ்வாரம் எல்லாம் பிள்ளைகளே துடைப்பார்கள். பல பள்ளிகளில் கழிவறையைச் சுத்தம் செய்வதும் அவர்கள்தான். நம் வீடுகளில் சிக்கல் வருவது இங்கேதான். பள்ளியில் பாத்திரம் தூக்குகிற பையன் வீட்டில் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவான், ஏனென்றால் அம்மா எடுத்துவிடுவாள். ஊரிலிருந்து வரும் பாட்டி, “ஆம்பளைப் பிள்ளை தட்டு கழுவுறதா?” என்று கையிலிருந்து பிடுங்குவார். பள்ளிக்கு ஒரு சட்டம், வீட்டுக்கு ஒரு சட்டம் என்று ஆறு வயதிலேயே கண்டுகொள்வான். ஆகவே ஜப்பான் ஒழுங்கு வேண்டும் என்றால் முதலில் உங்கள் தட்டை நீங்கள் கழுவுங்கள்.

எல்லாம் பொன் என்று சொல்ல மாட்டேன். கூட்டத்தில் தனித்துத் தெரியக் கூடாது என்ற பயமும் சேர்ந்தே வரும். ஒருநாள் விபூதி வேண்டாம் என்பான், பள்ளிச் சுற்றுலாவுக்கு டப்பாவில் சாம்பார் சாதம் வேண்டாம் என்பான். மனத்தில் இருப்பதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவான். வாதாடுவது, கட்டிப்பிடிப்பது, கோபித்துக்கொண்டு உடனே சமாதானமாவது இதெல்லாம் வீடுதான் தர வேண்டும். தமிழ் மறக்குமா என்றால், சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் இருவரும் என்ன பேசுகிறீர்களோ அதுவே நிற்கும். டோக்கியோவில் நிஷிகசாய் என்ற பகுதியில் வீடு பார்த்தால் இந்தியக் குடும்பங்கள் நிறைய உண்டு, பேச ஆள் கிடைக்கும்.

அப்புறம், அடி. பள்ளியில் ஆசிரியர் அடிப்பதை 1947 சட்டமே தடுத்துவிட்டது. கண்டிக்கிறேன் என்று பெற்றோர் அடிப்பதும் 2020 ஏப்ரலிலிருந்து சட்டப்படி கூடாது. சுவர் மெல்லியது, பிள்ளை அலறுவது கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் 189க்கு, அதாவது குழந்தைக் கொடுமையைப் புகார் செய்யும் எண்ணுக்கு, போன் செய்யலாம். “நம்மூரில் ரெண்டு போட்டால்தான்” என்ற பேச்சை விமானம் ஏறும் முன்பே விட்டுவிடுங்கள். பையன் இன்னொரு பிள்ளையை அடித்துவிட்டால், அவர்கள் வீட்டுக்கு நீங்களே போன் செய்து மன்னிப்புக் கேட்பது இங்கே வழக்கம். நீங்கள் பேசுவதைப் பையனும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

ஏப்ரலுக்குள் இரண்டு வேலை சொல்லிக்கொடுங்கள்: ஈரத்துணியை இறுக்கிப் பிழிவது, ஷூவைத் தானே கழற்றி மாட்டுவது. துடைக்கும் துணி பள்ளியில் கேட்பார்கள், நூறு யென் கடையில் கிடைக்கும். பென்சில் வரை எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டும், அதற்கு ஒரு ராத்திரி ஒதுக்கி வையுங்கள்.