பர்மா போன லெப்டினன்டின் பதக்கம்

கேள்வி: குன்னூரில் ஒரு பழைய சாமான் கடையில் விக்டோரியா ராணியின் தலை பொறித்த வெள்ளிப் பதக்கம் வாங்கினேன். மேலே 'பர்மா 1885-7', 'பர்மா 1887-89' என்று ஆங்கிலத்தில் இரண்டு பட்டைகள். விளிம்பில் ஒரு வெள்ளைக்காரர் பெயர், லெப்டினன்ட், மதராஸ் காலாட்படை. அவர் லெப்டினன்டாகவே ஓய்வுபெற்றாரா? பதக்கம் அசல்தானா?

பதில்: முதலில், வெள்ளி விளக்கு துலக்குவதுபோல விபூதி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். இதன் உயிரே விளிம்பில் இருக்கும் அந்த ஒரு வரிதான். அது மழுங்கினால் ஆள் யாரென்றே தெரியாது.

உங்களிடம் இருப்பது 1854-இல் ஏற்படுத்திய இந்தியப் பொதுச் சேவைப் பதக்கம். சிவப்பில் இரண்டு கருநீலக் கோடு போட்ட ரிப்பன் இதற்கு உரியது. ஒரு முறை இதை வாங்கியவருக்கு அடுத்த போருக்குப் புதுப் பதக்கம் கிடையாது, பட்டை மட்டும் மேலே ஏறும். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸின் பதக்கத்தில் உம்பேலா, லுஷாய், பர்மா என மூன்று போர்களுக்கு மூன்று பட்டைகள். 1863-இல் உம்பேலாவில் தொடங்கிய கணக்கு கால் நூற்றாண்டை எட்டுகிறது. ஆகவே பட்டைகளைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். விளிம்பில் இருப்பது பதக்கம் கிடைத்த காலத்துப் பதவிதான். கடைசிப் பதவி அல்ல.

பர்மாவின் தலைநகர் மண்டலே 1885 நவம்பர் 28-இல் வீழ்ந்தது, மறுநாள் அந்நாட்டு மன்னர் திபா சரணடைந்தார். படையெடுப்பு இரண்டே வாரம். அப்புறம் காட்டுக்குள் நடந்த சண்டைதான் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. முதல் பட்டை 1887 ஏப்ரல் வரைக்கும், இரண்டாவது 1889 மார்ச் வரைக்கும். உங்கள் லெப்டினன்ட் இரண்டு கட்டத்திலும் அங்கே இருந்திருக்கிறார்.

அவர் மதராஸ் படையின் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கான அணியான மதராஸ் ஸ்டாஃப் கோரில் இருந்திருந்தால் கணக்குப் போடுவது சுலபம். அங்கே பதவி உயர்வு சேவைக் காலத்தை வைத்துத்தான்: கேப்டனாக 11, 12 ஆண்டு, மேஜராக 20, லெப்டினன்ட் கர்னலாக 26. 1885-இல் லெப்டினன்ட் என்றால் 1873-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர். நடுவில் இறக்கவோ விலகவோ இல்லையென்றால் கர்னல் அந்தஸ்து வரை போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்து ராணுவப் பட்டியல்களில் அதிகாரிகளின் போர்ச் சேவை தனிப் பகுதியாகவே வரும்; 1886-இலிருந்து ஒவ்வோர் ஆண்டாகப் பெயரைத் தொடர்ந்து பாருங்கள். பதக்கப் பட்டியல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. பட்டியலில் பெயரும் இரண்டு பட்டைகளும் ஒத்துப்போனால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது.

மீதி விளிம்பில் இருக்கிறது. பழைய பெயரை அராவி எடுத்துவிட்டு வேறு பெயர் வெட்டுவது இந்தத் தொழிலில் பழைய மோசடி. அராவிய இடத்தில் உலோகம் குறையும். வெர்னியர் காலிப்பரை வைத்து விட்டத்தைப் பல திசைகளில் அளந்து பாருங்கள்; 36 மில்லிமீட்டரை ஒட்டி எங்கும் ஒரே மாதிரி வர வேண்டும். எழுத்து இருக்கும் பக்கம் மட்டும் குறைந்தால் வாங்கிய கடைக்கே திரும்பக் கொண்டுபோங்கள். பூதக்கண்ணாடியில் பட்டைகளின் ரிவெட்டையும் பாருங்கள், புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்திருக்கக் கூடாது.

இன்னொன்று. பர்மா 1885-7 பட்டையிலிருந்து இதே பதக்கம் வெண்கலத்திலும் வந்தது. டோலி தூக்கியவர்கள் போன்ற படைப் பணியாளர்களுக்கு அது. அதே கடையில் வெண்கலத்தில் ஒன்று கிடந்தால் விட்டுவிடாதீர்கள். அதன் விளிம்பில் நம்மூர்ப் பெயர் இருக்கக்கூடும்.