சாம்பல் ஏன் ஊதாவாகத் தெரிகிறது?

கேள்வி: படுக்கையறைக்கு வெளிர் சாம்பல், வெளிர் சந்தனம் என இரண்டு நிறங்களை எடுத்து வைத்திருக்கிறோம். பழைய பச்சைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பார்த்தால், ஷேட் கார்டில் சுத்தமான சாம்பலாக இருந்தது ஊதா அடிக்கிறது. பெயின்ட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: பெயின்ட்டைச் சந்தேகிக்கும் முன் சுவரைப் பாருங்கள். சாம்பலைச் சுற்றி எந்த நிறம் இருக்கிறதோ, அதன் எதிர்நிறத்தைக் கண் சாம்பல் மேல் ஏற்றிவிடும். பச்சைக்கு எதிர் ரோஸ். பக்கத்திலிருக்கும் சந்தனத்தின் மஞ்சள் சாயலுக்கு எதிர் நீலம். இரண்டும் சேர்ந்தால் ஊதாதானே!

இரண்டடிச் சதுரத்தில் இரண்டு கெட்டியான வெள்ளை அட்டைகள் எடுங்கள். ஓரங்களில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டு, நடுவில் ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் பெயின்ட். ஒவ்வொரு கோட்டுக்கும் டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளி விடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், ஒரு நாள் காயட்டும். பிறகு ஒரு நேரத்தில் ஓர் அட்டையை மட்டும், சுவரோடு நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். கட்டிலில் படுக்க வைத்தால் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் நிறம் வெளுத்துத் தெரியும். ஜன்னல் இருக்கிற சுவரில் கட்டாயம் பாருங்கள். பகலில் அறையிலேயே இருட்டான சுவர் பெரும்பாலும் அதுதான்.

காலை, மதியம், இரவு மூன்றும் பார்க்க வேண்டும். படுக்கையறைக்கு இரவுத் தீர்ப்பே முக்கியம் என்பேன். 2700 கெல்வின் மஞ்சள் பல்பில் சந்தனம் மேலும் மஞ்சளாகும். 6500 கெல்வின் வெள்ளை லைட்டில் சாம்பல் நீலம் தட்டும். நிறம் பிடித்து வெளிச்சம்தான் இடிக்கிறது என்றால் பல்பை மாற்றுவது சுலபம்.

ஷேட் கார்டில் எல்ஆர்வி என்ற எண் இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தரும் என்பதன் அளவு அது. ஒன்று 70, மற்றது 55 என்றால் நீங்கள் ஒப்பிடுவது சாயலை அல்ல, வெளிச்சத்தை.

கேள்வி: மாதிரியைப் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் பார்த்துவிட்டு, லேசாகப் பளபளக்கும் சாட்டினில் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஒரே ஷேட் எண்ணாக இருந்தாலும் சாட்டின் நேரே பார்க்கும்போது அடர்த்தியாகவும், ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் கோணத்தில் வெளுத்தும் தெரியும்; பட்டி பார்த்ததில் இருக்கும் மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். அடிக்கப்போகும் ஃபினிஷிலேயே மாதிரி வாங்குங்கள்.