சுங்கை சிப்புட்டில் நண்பகல் நிழல்: குச்சியில் தவறில்லை

வணக்கம் சகோதரி. ஜூன் 21, பகல் 12 மணிக்கு மகன் தோட்டத்துத் திடலில் நட்ட 1 மீட்டர் குச்சியின் நிழல் தென்மேற்கே அரை மீட்டர் விழுந்தது, பாடநூலோ வடக்கு என்கிறது என்று கேட்டிருந்தீர்கள். மகன் அளந்தது மிகச் சரி.

மலேசிய நேரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்குரியது. மலேசியாவின் சுங்கை சிப்புட் இருப்பது 101-இல். பாகைக்கு 4 நிமிடம், ஆக 19 பாகைக்குச் சூரியன் உச்சிக்கு வருவது 76 நிமிடம் பிந்தும். ஜூன் 21 வாக்கில் சூரியன் தானே இன்னும் இரண்டு நிமிடம் பிந்துவதால், அன்று உச்சிக்கு வருவது 1:18 வாக்கில். 1:00 முதல் 1:35 வரை 5 நிமிடத்துக்கொரு முறை நிழல் நுனியில் சுண்ணாம்புப் புள்ளி வையுங்கள்; மிகக் குட்டையானதே உச்சி நிழல். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா பாருங்கள். 2 பாகை சாய்ந்தாலே நுனி 3 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும்.

தெற்கே விழக் காரணம் பூமி அச்சின் 23.4 பாகைச் சாய்வு. ஜூன் 21 வாக்கில் சூரியன் கடகரேகைக்கு (23.4 பாகை வட அட்சரேகை) நேர்மேலே, நாமோ 4.8 பாகை வட அட்சரேகையில், அதற்குத் தெற்கே. உச்சி நிழல் 34 செ.மீ. டிசம்பர் 22-இல் வடக்கே 54 செ.மீ. ஏப்ரல் 2, செப்டம்பர் 10 ஒட்டி நிழல் குச்சியடியிலேயே ஒடுங்கிவிடும், அவசியம் காட்டுங்கள். கடகரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்குத்தான் உச்சி நிழல் ஆண்டு முழுக்க வடக்கு.